நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்

சில கறுப்புக் கட்டிகளைக் கடுமையாகக் குளிரவைத்தால், அவற்றில் மின்சாரத்துக்கு இருக்கிற தடை முழுசாகக் காணாமல் போய்விடுகிறது. ஏன் போகிறது என்று கண்டுபிடிப்பதற்காக அந்த ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. இயக்குநர் அதை முப்பத்தோரு வருடங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு நிறுவனத்துக்குத் தொந்தரவு கொடுத்துக்கொண்டிருப்பது கட்டிகள் மட்டும்தான்.

கண்டுபிடிப்பு ஒரு கோடு. குளிர் ஏற ஏற மின்தடை குறையும்; பெரிய மனிதர் சாய்வு நாற்காலியில் சாய்வதுபோல அவசரப்படாமல் வளைந்து குறையும்; பூஜ்யத்துக்குக் கீழே சரியாக நூற்று எண்பத்தைந்து டிகிரியில் பொத்தென்று தரையில் விழும். அதற்கு ஒரு டிகிரி முன்னால் விழுவது கோட்பாட்டின்படி சாத்தியமில்லை. வரவேற்பறையில் கோட்டுக்குச் சட்டம் போட்டு மாட்டி, மேலே ஒரு குழல்விளக்கும் வைத்திருந்தார்கள். மின்சாரம் போனால் அந்த ஒரு விளக்குக்கு மட்டும் பேட்டரி உண்டு.

வளாகத்தில் எந்த வரைபடத்தாளை எடுத்தாலும் அந்தக் கோடு மங்கலான சாம்பல் நிறத்தில் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். மாணவர்கள் கட்டியைக் குளிரவைத்து, அளந்து, கோட்டின்மேல் புள்ளி வைக்க வேண்டும். கோட்டில் உட்கார மறுக்கும் புள்ளிகளுக்கு விலகல் பதிவேடு என்று ஒன்று இருந்தது. அதில் புள்ளியின் விவரத்தை எழுதி, காரணம் என்ற கட்டத்தில் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: ஈரப்பதம், தூசி, மாணவர். ஒரே ஒரு விலகல் நிலுவையில் இருந்தாலும் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுக்க முடியாது.

அவளுக்கு நிலுவையில் நானூற்றுப் பன்னிரண்டு இருந்தன.

அவளை எல்லோரும் ஏழாமாண்டு என்று கூப்பிட்டார்கள். போன வருடம் ஆறாமாண்டு என்று கூப்பிட்டார்கள். இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு அவளுடைய பதிவு காலாவதியாகிறது. எட்டாமாண்டு என்று ஒரு பிறவி விதிமுறையில் இல்லை. அவளுக்கு வழிகாட்டி இயக்குநரே. ஏழு வருடத்தில் மூன்று முறை வழிகாட்டியிருந்தார். அதில் ஒன்று, லிஃப்ட் வேலை செய்யவில்லை, படியில் போங்கள் என்பது.

விஷயம் என்னவென்றால், அவளுடைய புள்ளிகள் வளையவில்லை. மேலிருந்து கீழே ஒரே நேர்கோடாக இறங்கின. இறங்கி, நூற்று எண்பத்தைந்துவரை காத்திருக்காமல், நூற்று அறுபத்து மூன்றிலேயே தரையில் விழுந்தன.

இதை முதலில் கவனித்தவர் திரவ நைட்ரஜனைக் குடுவையில் ஊற்றித் தள்ளுவண்டியில் கொண்டுவரும் நைட்ரஜன்காரர்.

"என்ன தங்கச்சி, ஸ்கேல் வச்சுக் கோடு போட்டுட்டு அப்புறமா அளந்தியா?"

"அளந்ததே இப்படித்தாண்ணே வருது."

"சாம்பல் கோட்டைப் பாக்கவே இல்லையா அது?"

"அதுக்குக் கண்ணு இல்லையேண்ணே."

"இந்தக் கட்டடத்துல அது ஒண்ணுதான் அப்படி," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்கு வண்டியைத் தள்ளினார்.

அவளும் யோசித்துத்தான் பார்த்தாள். சாதாரணக் கம்பியில் எலக்ட்ரான்கள் பேருந்து நிலையத்துக் கூட்டம்போல: ஆளுக்கு ஒரு ஊர், ஆளுக்கு ஒரு அவசரம், இடித்துக்கொண்டாலும் தனித்தனி ஆட்கள். குளிர்ந்தால் இடி குறைகிற கணக்கும் தெரிந்ததுதான். இந்தக் கட்டிக்குள்ளோ தனி ஆள் என்று ஒருவருமே இல்லாததுபோல இருந்தது. ஒரு எலக்ட்ரான் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாத ஒரே நெரிசல். அப்படிப்பட்ட நெரிசல் ஏன் இத்தனை ஒழுங்காக நேர்கோட்டில் இறங்க வேண்டும்? அவளுக்குத் தெரியவில்லை. நிறுவனத்தில் தெரியவில்லை என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான் என்பதால் அது அவளுடைய தகுதிக்குறைவாகக் கணக்கில் கொள்ளப்பட்டது.

மதிய இடைவேளையில் அக்கா போன் செய்தாள். அக்கா ஒரு பெரிய மருத்துவமனையில் வார்டு பொறுப்பாளர். அங்கே ஸ்கேன் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு இயற்பியல்காரர் தேவைப்பட்டார். இயந்திரத்துக்குள் இருப்பதும் தடையில்லாமல் மின்சாரம் ஓடும் குளிர்ந்த கம்பிச்சுருள்தான். தங்கைக்காக அந்த வேலையை அக்கா நான்கு மாதமாகப் பிடித்து வைத்திருந்தாள்.

"கையெழுத்து போட்டாங்களாடி?"

"இன்னும் இல்லக்கா. புள்ளி எல்லாம் விலகி இருக்குதாம்."

"எங்க ஆஸ்பத்திரில செத்தவங்களுக்கே அரை மணி நேரத்துல சர்டிபிகேட் குடுத்துடறோம். உயிரோட இருக்கிற உனக்கு ஏழு வருஷமா? அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதி கையில பட்டத்தோட வந்து சேரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. நான் இனிமே யார் காலையும் பிடிக்க முடியாது, சொல்லிட்டேன்."

அவள் தாள்களை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள்.

"உக்காருங்க," என்றார் இயக்குநர். "எலக்ட்ரான் ஏன் இப்படி நடந்துக்குதுன்னு கேக்க வந்திருக்கீங்க. கேள்வியே தப்பு. அது எப்படி நடக்கணும்னு முப்பத்தோரு வருஷமா எழுதி வச்சிருக்கோம். எட்டு மொழியில வந்திருக்கு. அதுக்கப்புறமும் ஒரு கட்டியில வேற மாதிரி போச்சுன்னா, குறை எங்க இருக்கு?"

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் அவள். "கோட்பாட்டுலயா சார்?" என்றாள்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசி இல்லை.

"என்னைப் பிடிவாதக்காரன்னு நினைக்காதீங்க. என் கோட்பாடு தப்புன்னு யாராவது நிரூபிச்சா முதல்ல கை தட்டுறவன் நான்தான். நிரூபிக்கிறேன்னு இதுவரைக்கும் பன்னெண்டு பேர் வந்தாங்க. எல்லாரையும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்: என் கோட்டை வச்சு நிரூபிங்கப்பான்னு. ஒருத்தராலயும் முடியல."

பன்னிரண்டு பேரும் இப்போது எங்கே என்று அவள் கேட்கவில்லை. மறுநாள் அவளுக்காக விலகல் நிவர்த்திக் குழு அமைக்கப்பட்டது.

குழுவில் இயக்குநர் தலைவர், பதிவாளர் செயலாளர், உறுப்பினர்கள் இரண்டு பேராசிரியர்கள். தடை போகும்போது எலக்ட்ரான்கள் ஜோடி சேருவதற்குக் காரணம் அணுக்களின் அதிர்வு என்பவர் ஒருவர். அவரை அதிர்வு என்பார்கள். காரணம் எலக்ட்ரான்களின் தற்சுழற்சி என்பவர் மற்றவர்; அவர் சுழற்சி. இருவருக்கும் பத்தொன்பது வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை. பதிவாளர் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேச்சைக் கடத்துவார். அதில் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

அதிர்வு அவளுடைய தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இது புதுசு இல்லையே. என் சமன்பாடுதான். அதுல பதினேழு எண் இருக்கு, எல்லாத்தையும் நம்ம இஷ்டத்துக்கு வச்சுக்கலாம். பதினாறை மாத்தினா இயக்குநரோட வளைகோடு. பதினேழையும் மாத்தினா இந்த நேர்கோடு."

"பதிவாளர், அவருக்குச் சொல்லுங்க," என்றார் சுழற்சி. "என் சமன்பாட்டுல பத்தொன்பது."

பதிவாளர் சொன்னார்.

"அப்படின்னா எந்தக் கோடு வராது சார்?" என்று அவள் கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான்.

இரண்டு பேராசிரியர்களும் பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக ஒரே கருத்துக்கு வந்தார்கள். "வராத கோடுன்னு ஒண்ணு இருந்தா அது கோட்பாட்டோட பலவீனம்மா," என்றார் அதிர்வு. சுழற்சி மறுக்கவில்லை.

குழுவின் கண்ணெதிரில் ஒருமுறை அளந்து காட்டச் சொன்னார்கள். அவளுடைய ஆய்வகத்தில் நான்கு மெத்தை நாற்காலிகள் போடப்பட்டன. நாற்காலிகள் கதவில் நுழையாததால் கதவு கழற்றப்பட்டது. தேநீர் வந்தது, தேநீர்த் தட்டு வைக்க இடமில்லாததால் அளவுக்கருவி தரைக்கு இறக்கப்பட்டது. அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, கட்டியை நைட்ரஜனில் அமிழ்த்தி எடுத்து, அதன்மேல் ஒரு சின்னக் காந்தத்தை வைத்தாள். காந்தம் கட்டியைத் தொடவில்லை. விரற்கடை உயரத்தில், எதையும் பிடித்துக்கொள்ளாமல், அந்தரத்தில் நின்று மெதுவாகச் சுற்றியது.

அப்படி நிற்பதற்கு ஒரே அர்த்தம்தான்: கட்டியில் தடை போய்விட்டது. கட்டி மெல்ல மெல்ல சூடேறியது. நூற்று எண்பத்தைந்தைத் தாண்டியது. காந்தம் இறங்கவில்லை.

"இப்ப எத்தனை?" என்றார் இயக்குநர்.

"நூத்தி எழுபது சார்."

"அப்ப அது விழுந்து கிடக்கணும்."

"மிதக்குது சார்."

"கிடக்கணும்னு சொல்றேன்."

அவர் குனிந்து பேனாவின் மூடியால் காந்தத்தை அழுத்தினார். அது கீழே போனது. மூடியை எடுத்ததும் மேலே வந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி வந்தது. மூன்றாவது முறை அழுத்திப் பிடித்துக்கொண்டே, "எழுதிக்குங்க பதிவாளர்," என்றார். காந்தம் கட்டியின் மேல் உள்ளது என்று பதிவாளர் எழுதிக்கொண்டார். எவ்வளவு மேல் என்று எழுதவில்லை.

நூற்று அறுபத்து மூன்று வந்தது. காந்தம் ஒருமுறை தள்ளாடி, டக்கென்று கட்டியின்மேல் விழுந்தது. குழு எழுந்து நின்று கை தட்டியது.

"விழுந்துச்சா இல்லையா?" என்றார் இயக்குநர்.

"விழுந்துச்சு சார்."

"விழும்னு யார் சொன்னது?"

"நீங்கதான் சார். ஆனா இருபத்திரண்டு டிகிரி தாண்டி..."

"அது கோட்பாட்டோட பிரச்சினை இல்லம்மா. வெப்பமானியோட பிரச்சினை."

அறையில் இருந்த எல்லோருக்கும் இதுவரை இது தோன்றாமல் போனதற்கு வெட்கமாக இருந்தது.

வெப்பமானி பட்டறைக்கு அனுப்பப்பட்டது. அதன் உணர்முனையில் எந்தெந்த மின்னழுத்தம் வந்தால் எந்தெந்த எண்ணைக் காட்ட வேண்டும் என்பதை இயக்குநரின் கோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றி எழுதினார்கள். இரண்டு நாளில் 'ஒழுங்குபடுத்தப்பட்டது' என்ற வில்லையோடு திரும்பி வந்தது. இனி இந்தக் கட்டியை எப்படி அளந்தாலும் புள்ளி கோட்டில்தான் விழும். கோட்டில் விழுகிற இடத்துக்குத்தான் வெப்பநிலை என்று பெயர்.

நைட்ரஜன்காரர் குடுவைக்குள் அதை விட்டுப் பார்த்துவிட்டு அவளிடம் காட்டினார். "தங்கச்சி, இருவத்தெட்டு வருஷமா இது நூத்தித் தொண்ணூத்தாறுல கொதிக்குது. என் கல்யாணத்தன்னிக்கும் அதுலதான் கொதிச்சுது. இன்னிக்கு இருநூத்திப் பதினொண்ணுங்குது."

"மேல போய் சொல்லிப் பாருங்கண்ணே."

சொன்னார். மறுநாளே அவருக்கு ஒரு குறிப்பாணை வந்தது: ஒப்புதல் பெற்ற அளவைவிடப் பதினைந்து டிகிரி கூடுதலாகக் குளிர்ந்த நைட்ரஜனை நிறுவனத்துக்குக் கொண்டுவந்தது ஏன்? இனிமேல் கொஞ்சம் சூடான நைட்ரஜனாகப் பார்த்துக் கொண்டுவருகிறேன் என்று அவர் எழுதிக் கொடுத்தார். விளக்கம் திருப்திகரமாக இருந்ததாகப் பதில் வந்தது.

இதற்குள் மாதத்தில் ஒன்பது நாள்தான் மிச்சம். பதிவாளர் அவளைக் கூப்பிட்டு இரண்டு வழிகளையும் தெளிவாகச் சொன்னார். புதிய வெப்பமானியில் நானூற்றுப் பன்னிரண்டையும் மறுபடி அளந்து கொடுத்தால் முப்பத்தொன்றாம் தேதி பட்டம். இல்லையென்றால் முப்பத்தொன்றாம் தேதி வணக்கம்.

"பழைய புள்ளி எல்லாம் என்ன சார் ஆகும்?"

"அதுக்கு ஒரு கடிதம் போதும்மா. எல்லாம் என் கவனக்குறைவால் நேர்ந்தவைன்னு. காரணம் கட்டத்துல 'மாணவர்'னு நானே டிக் பண்ணிக்கிறேன். உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

அவள் அன்று மாலை அக்காவுக்கு போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"சரி, வெப்பமானியை மாத்திட்டாங்க. ஜுரக்காரனுக்கு ஜுரம் இல்லன்னு எழுதச் சொல்றாங்க, அப்படித்தானே?" என்றாள் அக்கா.

"அப்படித்தான்க்கா."

மறுமுனையில் அக்கா வார்டுச் சத்தத்தைவிட்டுத் தள்ளி வந்தாள். "எழுதக்கூடாதுன்னு சொல்ற இடத்துல நான் இல்லடி. ஏழு வருஷம் நீ குளிர்ல உக்காந்தது எனக்குத் தெரியும். நீயே முடிவு பண்ணிக்கோ. ஆனா அழுதுட்டே எழுதாத, புள்ளி கலைஞ்சிடும்."

அவள் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். எட்டு நாள் உட்கார்ந்து நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகளையும் சாம்பல் கோட்டின்மேல் வைத்தாள். ஒவ்வொன்றை வைக்கும்போதும் அது உண்மையில் தாளின் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று அவள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. அங்கே வைக்கவில்லை. அழவும் இல்லை.

முப்பத்தொன்றாம் தேதி வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, "இதுல புதுசா என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார்."

"பாத்தீங்களா!" என்று அவர் இயக்குநரிடம் திரும்பினார். "முப்பத்தோரு வருஷம் கழிச்சும் புதுசா ஒண்ணும் இல்லைன்னா, எப்பேர்ப்பட்ட கோட்பாடு!" ஆய்வேட்டின் முதல் பக்கத்தில், 'இதிலுள்ள புள்ளிகள் அனைத்தும் எனது கோட்பாட்டுக்குப் பொருந்துகின்றன எனச் சான்றளிக்கிறேன்' என்று இயக்குநர் கையெழுத்திட்டார். சாயங்காலம் பட்டச் சான்றிதழ் கைக்கு வந்தது. அக்காவின் மருத்துவமனைக்கு ஒரு நகல் போனது.

இரண்டாம் தேதி இயக்குநர் வெளிநாட்டில் ஒரு மாநாட்டுக்குப் புறப்பட்டுப் போனார். அங்கே எந்த அறைக்குள் நுழைந்தாலும் நேர்கோட்டைப் பற்றியே பேச்சாக இருந்தது. நான்கு நாடுகளில் அளந்துவிட்டிருந்தார்கள். எலக்ட்ரான்கள் தனித்தனி ஆட்களாக நடப்பதில்லை என்றார்கள். வளைகோட்டைப் பற்றி ஒருவர் கேட்டபோது அரங்கில் பலர் சிரித்தார்கள். இயக்குநரும் சேர்ந்து சிரித்துவிட்டுப் பத்தாம் தேதி திரும்பினார்.

வந்ததும் எல்லோரையும் கூட்டிப் பேசினார். "நம்ம கோட்பாடு மாறல. அது என்னிக்கும் மாறாது. அதுக்குள்ள ஒரு நேர்கோடு எப்பவுமே இருந்துச்சு. வளைவா பாத்தவங்க பார்வையிலதான் வளைவு." வரவேற்பறைச் சட்டத்தில் நேர்கோடு ஏறியது. கண்ணாடி பழசே. புதிய வரைபடத்தாள்கள் அச்சாகி வந்தன. சாம்பல் நிறத்தில், மேலிருந்து கீழே, அளவுகோல் வைத்த மாதிரி.

அதன் பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. முப்பத்தோரு வருடத்து ஆய்வேடுகளை வரலாறு என்று சொல்லிவிடலாம். பத்து நாளுக்கு முந்தைய ஒன்றை வரலாறு என்று சொல்ல முடியாது. பன்னிரண்டாம் தேதி சான்றிதழோடு வரச்சொல்லி அவளுக்கு ஆள் அனுப்பினார்கள்.

அதே குழு. அதே மெத்தை நாற்காலிகள். அவள் சான்றிதழை மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள்.

"உங்க ஆய்வேட்டை எடுத்துப் பாத்தேன்," என்றார் இயக்குநர். குரலில் ஆழ்ந்த வருத்தம் இருந்தது. "நானூத்திப் பன்னெண்டு புள்ளி. ஒண்ணுகூட நேர்கோட்டுல இல்ல. எப்படிம்மா மனசு வந்துச்சு?"

"நீங்க சொல்லித்தானே சார்..."

"நான் சொன்னா? நான் யாரு? ஒரு சாதாரண இயக்குநர்! யார் மிரட்டினாலும், பட்டம் போகும்னு சொன்னாலும், கண்ணால கண்டதை விட்டுக்குடுக்கிறவங்க ஆராய்ச்சிக்கு வரலாமா? இந்த நிறுவனம் எதுக்கு இருக்கு? அதிகாரத்துக்குப் பயப்படாம உண்மையைச் சொல்றவங்களை உருவாக்கத்தானே! அப்படி எத்தனை பேரை நான் வெளிய அனுப்பியிருக்கேன் தெரியுமா?"

"பன்னெண்டு," என்றார் பதிவாளர், குறிப்பைப் பார்த்து.

"அந்த நேர்கோட்டை நான்தான் சார் முதல்ல அளந்தேன்," என்றாள் அவள். "விலகல் பதிவேட்டுல இருக்கு."

பதிவாளர் கோப்பைத் திறந்து அவளுடைய கடிதத்தை வாசித்தார். எல்லாம் என் கவனக்குறைவால் நேர்ந்தவை.

"கவனக்குறைவால உண்மையைக் கண்டுபிடிக்கிறது ஆராய்ச்சியில சேராதும்மா," என்றார் சுழற்சி. அதிர்வு, பதிவாளர் மூலமாக, ஆமோதித்தார்.

பட்டத்தை ரத்து செய்வதென்று ஒருமனதாக முடிவானது. மேசைமேல் கிடந்த புதிய வரைபடத்தாளில் அவளுடைய கோடு அச்சாகியிருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பதினைந்தாம் தேதிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

"ஒரு சந்தேகம் சார்," என்றாள். "எதனால ரத்துன்னு எழுதுவீங்க? ஆஸ்பத்திரில கேப்பாங்க."

"காரணம் போட்டுத்தான் ஆகணும்," என்றார் பதிவாளர். "காரணம் இல்லாத ஆணை செல்லாது." அவர் தாளை எடுத்தார். "ஆய்வேடு இயக்குநரின் கோட்பாட்டுக்கு முரணாக இருப்பதால்னு போடட்டுமா?"

"போடுங்க," என்றார் இயக்குநர்.

பதிவாளர் ஆய்வேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினார். "ஆனா பொருந்துதுன்னு நீங்களே சான்று குடுத்திருக்கீங்களே. கோட்பாடு மாறிடுச்சுன்னு போட்டா சரியாயிடும்."

"மாறலைன்னுதான் முந்தாநாள் சொன்னேன். அதுவும் பதிவாயிருக்கு."

"அப்ப இருக்கிற ஆவணங்களை வச்சு எழுதினா இப்படித்தான் வரும்," என்று பதிவாளர் எழுதி, ஏற்றமிறக்கம் இல்லாத குரலில் வாசித்தார். "இந்த ஆய்வேட்டிலுள்ள நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகளும் இயக்குநரின் கோட்பாட்டோடு முழுமையாகப் பொருந்துவதால், இது தவறானது எனக் கருதி, பட்டம் ரத்து செய்யப்படுகிறது."

கையெழுத்துக்காகத் தாளையும் பேனாவையும் மேசை நடுவில் வைத்தார்.

"உறுப்பினர்கள் முதல்ல போடட்டும்," என்றார் இயக்குநர்.

பேனா அதிர்விடம் போனது. அவர் வாக்கியத்தை இரண்டு முறை படித்துவிட்டு, தலைவர் இருக்கும்போது நான் முந்தக்கூடாது என்றார். சுழற்சி, தனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது என்றார். பதிவாளர், செயலாளருக்கு வாக்குரிமை இல்லை என்பதை விதி எண்ணோடு சொன்னார். பேனா இயக்குநரிடம் வந்தது. அவர் அதை வாங்கி, மூடியைப் பார்த்து, பக்கத்தில் வைத்தார்.

"நான் கிளம்பட்டுமா சார்?" என்றாள் அவள்.

அவள் மேசையிலிருந்து சான்றிதழை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அவளை நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்துவதற்கும் ஒரு காரணம் எழுத வேண்டியிருந்தது.